பட்டமில்லா ஆய்வு மாணவரின் கோடைக்காலம்

சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த 25 வயது இளைஞர் ஒருவர், 1913 மே 1-ஆம் தேதி முதல் அலுவலகம் வர வேண்டியதில்லை என்றாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை அளித்திருந்தது. அவரிடம் பட்டம் இல்லை. பட்டப் படிப்பின் நுழைவாயிலாக அன்று இருந்த எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர் அவர். முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட உதவித்தொகை, இடைநிலைத் தேர்வில் தேறாதவருக்குக் கிடைத்தது. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களும் திரைப்படங்களும் கேம்பிரிட்ஜ் வாசத்தையும், ஹார்டியுடனான நட்பையும், நோயையும், 32 வயதில் நேர்ந்த மறைவையும் விரிவாகப் பேசுகின்றன. 1913 மே முதல் 1914 மார்ச் வரை அவர் சென்னையில் ஊதியம் பெற்ற ஆய்வு மாணவராக இருந்த பத்தரை மாதங்களை ஓரிரு பக்கங்களில் கடந்துவிடுகின்றன. பொன்னேரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த எனக்கு, அவர் வாழ்வில் நம் கல்வி நிலையங்கள் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய பகுதி அந்தப் பத்தரை மாதங்களே என்று தோன்றுகிறது. குறிப்பாக, அவற்றின் தொடக்கமான அந்தக் கோடை.

அந்தக் கோடைக்கு அவர் வந்து சேர்ந்த வழி நீண்டது. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிக் கிடைத்த சிறு வருவாயையும், வீட்டில் தங்கிப் படித்த மாணவர்கள் தந்த பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தினார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசு மேல் பரிசு வாங்கிய மாணவர் ராமானுஜன். 1903-ஆம் ஆண்டு, அவருக்குப் பதினைந்து வயதில், ஜார்ஜ் கார் என்பவர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த ஒரு நூல் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களையும் சூத்திரங்களையும் வரிசையாக அடுக்கிய நூல் அது. நிரூபணங்கள் மிகக் குறைவு. மற்ற மாணவருக்கு அது மனப்பாடப் புத்தகம். ராமானுஜனோ ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவ வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

அதன் விளைவு உடனே தெரிந்தது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர வேறெதையும் படிக்காமல் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில், கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரைத் தம்மோடு உட்காரவைத்துக் கணித இதழ்களில் வரும் கடினமான வினாக்களைச் சேர்ந்து தீர்த்துப் பார்த்தார். முதலாண்டு மாணவரைச் சக ஆய்வாளராக நடத்திய அந்தப் பேராசிரியரை நாம் அதிகம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால், உடலியல் பாடத்தை யாராலும் ராமானுஜனுக்குள் செலுத்த முடியவில்லை. 1906 இறுதியில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி; 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் தோல்வி. கல்லூரி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் யாருமில்லை. கும்பகோணம் வீட்டுத் திண்ணையில் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தார். 1909 ஜூலையில் திருமணம். மணமகள் ஜானகிக்குப் பத்து வயது. அதன்பின் வேலை தேடும் படலம் தொடங்கியது. 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைச் சந்தித்து, தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் நிறுவியவர் ராமசாமி ஐயர். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தவர், இந்த அறிவை வருவாய்த் துறைக் கோப்புகளுக்குள் புதைக்க மனமின்றி, சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதங்களின் வழியே கைமாறிக் கைமாறி, 1910 இறுதியில் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார் ராமானுஜன்.

சென்னையிலிருந்து நெல்லூருக்குப் போகும் இருப்புப் பாதை பொன்னேரி வழியாகத்தான் செல்கிறது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போது மாணவர்களின் முகம் சற்று மலரும். பெரிய மனிதர்களின் வரலாறு நம் ஊரைத் தொடாமல் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு, அது நம் ரயில் நிலையத்தின் ஓரமாகவாவது போகிறது என்பது ஒரு சிறு ஆறுதல்.

ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து அனுப்பி, சென்னையில் இருந்துகொண்டு கணிதம் செய்யச் சொன்னார். 1911-இல் ராமானுஜன் திருவல்லிக்கேணி சாமிப் பிள்ளைத் தெருவில், மாணவர்கள் கூட்டமாகத் தங்கியிருந்த சம்மர் ஹவுஸ் என்ற விடுதியில் குடியேறினார். அதற்கு முன்பே மாநிலக் கல்லூரி மாணவர்களின் விக்டோரியா விடுதியில் நண்பர்களின் அறைகளில் தங்கியிருக்கிறார். கல்லூரி அவரைத் தள்ளிவிட்டது. கல்லூரி விடுதி தள்ளவில்லை. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத மாணவராக, மாணவர்களின் நடுவே சாப்பிட்டு, அரட்டையடித்து, மாலையில் கடற்கரைக்குப் போய்வந்து அவர் கழித்த அந்த மாதங்கள்தாம், என் கணிப்பில், அவருடைய உண்மையான கல்லூரி வாழ்க்கை. அந்த ஆண்டில்தான் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னூலி எண்கள் குறித்த அவரது முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் அவர் வாசகர்களுக்கு விடுத்த ஒரு வினா, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது. மாதங்கள் பல கடந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. இத்தனை எளிய எண்ணுக்குள் இத்தனை நீண்ட பாதை ஒளிந்திருப்பதைக் கண்டு நாற்பதாண்டு ஆசிரியப் பணிக்குப் பிறகும் எனக்கு வியப்பு குறையவில்லை.

பிறர் பணத்தில் வாழ்வது அவருக்கு உறுத்தலாக இருந்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். மாலை வேளைகளில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் இருந்த நாராயண ஐயரின் வீட்டு மாடியில் இருவரும் சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டு படிகளாகத் தாண்டிப் போவார். நாராயண ஐயர் அவரை நிறுத்தி, இடையில் விட்டதை எழுதச் சொல்வார். பிறருக்குப் புரியும்படி எழுதும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். அந்தத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலோர மணலின் வடதிசை ஓட்டத்தை மறித்தன. தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. பின்னர் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. பழவேற்காட்டு மீனவர்கள் மணலையும் முகத்துவாரத்தையும் பற்றி இன்று பேசும் கவலைகளைக் கேட்கும்போதெல்லாம், ராமானுஜன் கணக்கெழுதிய அந்த அலுவலகம் எனக்கு நினைவுக்கு வரும். வரலாறு ஒரே கட்டடத்திலிருந்து இருவேறு திசைகளில் புறப்படுகிறது.

1913 ஜனவரி 16-ஆம் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், அதற்கு முன் எழுதிய இரு பேராசிரியர்கள் உதவாததும், ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஓர் இரவு முழுவதும் அந்தத் தாள்களை ஆராய்ந்ததும் அனைவரும் அறிந்த கதை. பிப்ரவரி 8-ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். ஆனால், ராமானுஜனுக்கு அந்தக் கோடையைப் பெற்றுத் தந்தவர் வேறொருவர். வானிலை ஆய்வுத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி இறுதியில் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் குறிப்பேடுகளைக் காட்டினார். வாக்கர் கேம்பிரிட்ஜில் 1889-ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். இத்துறை தமக்குரியதன்று என்று ஒப்புக்கொண்ட அவர், மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: இந்த இளைஞர் பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் முழு நேரமும் கணிதத்தில் செலவிடப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும்.

தாம் நிபுணர் இல்லாத துறையில் ஒருவர் பரிந்துரை செய்கிறார். அதையும் உடனே செய்கிறார். இது எளிய காரியம் அன்று. உயர் பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும், தமக்குத் தெரியாது என்பதையே ஒதுங்கிக்கொள்ளும் காரணமாக்குவார்கள்.

மார்ச் 19-ஆம் தேதி கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ் அதைக் கூட்டினார். ராமானுஜனின் முடிவுகளை விளக்க நாராயண ஐயரையும் அழைத்திருந்தார். குழு உதவித்தொகையைப் பரிந்துரைத்தது. ஆட்சிக் குழுவில் தடை எழுந்தது: விதிப்படி முதுநிலைப் பட்டம் வேண்டும். தடை சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. விதியை ஒருமுறை தளர்த்தினால் அடுத்தவருக்கும் தளர்த்த வேண்டிவரும் என்பது எந்த நிர்வாகிக்கும் வரும் நியாயமான அச்சம். ஆனால், ஆய்வை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்றென்றால், ஆய்வு செய்பவரை விதி காட்டி வெளியே நிறுத்துவது எப்படிப் பொருந்தும் என்ற வாதம் வென்றது. துறைமுகப் பொறுப்புக் கழகம் விடுப்புக் கொடுத்தது.

பதிலுக்குப் பல்கலைக்கழகம் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை. தேர்வும் இல்லை, உடலியலும் இல்லை.

திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் சந்தில் தாயோடும் மனைவியோடும் குடியிருந்தார். ஜானகிக்கு அப்போது பதினான்கு வயது. காலையில் எழுந்தது முதல் எழுத்து, இரவிலும் எழுத்து. சாப்பாட்டுக்காகக் கையைக் கழுவி எழுந்தால் சிந்தனை அறுந்துவிடும் என்பதால், தாயோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து உருண்டையாகக் கையில் வைப்பார்களாம். ஒரு கை உண்ண, மறு கை எழுதும். தூங்கப் போகும்போது நள்ளிரவுக்குப் பின் எழுப்பிவிடச் சொல்வார் என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பல்கலைக்கழக நூலகம் அந்நாளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இயங்கியது. அங்கே போய், தாம் தனியே கண்டடைந்தவற்றில் எவற்றை ஐரோப்பியர் முன்பே கண்டிருந்தனர் என்பதைத் தெரிந்துகொள்ள முடிந்தது. சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பது அவருக்கு வழக்கம். தாள் விலை அதிகம் என்பதே காரணம். சொந்த ஆர்வத்துக்கு எழுதியவர், இப்போது ஒரு குழு படிக்கப்போகிறது என்ற பொறுப்போடு எழுதத் தொடங்கினார். மாலையில் பழையபடி நாராயண ஐயரின் மாடி.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதல் அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. மூன்று மாதக் கோடையின் விளைச்சல் அது. அதன் மையத்தில் உள்ள தேற்றத்தைக் கணிதம் படிக்காதவர்களுக்கும் ஓரளவு சொல்லலாம். ஒரு சார்பை முடிவிலாத் தொடராக விரித்து எழுதுகிறோம். அத்தொடரின் கெழுக்களை 0, 1, 2, 3 என்ற எண்களுக்கு ஒரு விதி தருகிறது. அந்த விதி குறை எண்களுக்கோ பின்னங்களுக்கோ என்று வகுக்கப்பட்டதன்று. ஆயினும் துணிந்து ஒரு குறை எண்ணை அதில் இட்டுப் பார்த்தால் கிடைக்கும் மதிப்பு, காமா சார்பால் பெருக்கப்பட்டு, சுழியிலிருந்து முடிவிலி வரையிலான ஒரு தொகையீட்டின் விடையாக வந்து நிற்கிறது. பல பக்கங்கள் கணக்கிட வேண்டிய தொகையீடு ஒரு வரியில் முடிந்துவிடும். தறியில் முன்பக்கம் நெய்த பூவேலையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து இன்னொரு பூவைக் கண்டதுபோல. இன்று இதற்கு ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று பெயர். எப்போது இது செல்லும், எப்போது செல்லாது என்ற எல்லைகளைப் பின்னர் ஹார்டி துல்லியமாக வகுத்தார்.

இரண்டாம் அறிக்கை நவம்பர் 7-ஆம் தேதியும், மூன்றாவது 1914 மார்ச் 9-ஆம் தேதியும் சென்றன. மூல அறிக்கைகள் பின்னர் காணாமற் போயின. நல்லவேளையாக, 1925-இல் டி.ஏ. சடகோபன் என்பவர் அவற்றைக் கையால் படியெடுத்து வைத்திருந்தார். அந்தப் படியைக் கொண்டுதான் அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1980-களில் அவற்றின் உள்ளடக்கத்தை உலகுக்கு விளக்கினார். 75 ரூபாய் கொடுக்கத் துணிந்த பல்கலைக்கழகத்தால் அதற்கு ஈடாகக் கிடைத்த தாள்களைக் காக்க முடியாமற் போனது, நம் ஆவணப் பழக்கங்களை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்தக் கதையை இப்போது ஏன் சொல்கிறேன்? சென்னைக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது பொன்னேரி. இங்குள்ள அரசுக் கலைக் கல்லூரிக்குப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும், சுற்றியுள்ள நெல் விளையும் ஊர்களிலிருந்தும் மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினர். ஏரியில் பாடு என்றொரு பழைய ஏற்பாடு உண்டு: எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு. வகுப்பில் வரிசைமாற்றங்களைப் பற்றி நான் பாடம் நடத்தியபோது, பாடு முறையைக் கரும்பலகையில் எழுதி எனக்கு விளக்கிய மாணவர்கள் இருந்தார்கள். முறை எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை அவர்கள் சூத்திரம் இல்லாமலே சொல்வார்கள்.

அவர்களில் ஒருவர் எண்களைப் பிரித்துக் கூட்டும் முறைகளில் தாமாகவே மூழ்கினார். 5 என்ற எண்ணை ஒற்றைப்படை எண்களின் கூட்டலாக எழுதினால் மூன்று வழிகள். ஒன்றுக்கொன்று வேறான எண்களின் கூட்டலாக எழுதினாலும் மூன்று வழிகள். இந்தச் சமன்பாடு 5-க்கு மட்டுமா, எல்லா எண்களுக்குமா என்று கேட்டு, 20 வரை அட்டவணை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவிய உண்மை அது. அவருக்கு அது தெரியாது. கோடைக்கால ஆய்வுப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு தாள் நிலுவையில் இருந்தது. நிலுவைத் தாள் உள்ளவர்கள் விண்ணப்பிக்க இயலாது என்பது விதி. விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே கழிந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, ஏரியில் மீன் குறைந்த ஆண்டு அது. அவர் அந்தக் கோடையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தினக்கூலியாகப் போனார்.

அவரை ராமானுஜனோடு ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீடு இருவருக்கும் அநீதி. ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியையும் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி, பள்ளிதோறும் ராமானுஜன் படத்துக்கு மாலையிடும் நாம், அந்தப் படத்தில் இருப்பவர் இன்று விண்ணப்பித்தால் எந்தச் சலிப்பில் கழிவார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

வாய்ப்புகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டின் அறிவியல் கழகங்கள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை அளிக்கின்றன. பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி முகாம்கள் எத்தனையோ சிற்றூர் மாணவர்களை ஆய்வுக்கு அழைத்துச் சென்றிருக்கின்றன. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் ராமானுஜன் பெயராலேயே ஓர் உயராய்வு நிறுவனம் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து இவற்றுக்கு உள்ள தொலைவு ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம். ஆனால், கோடையில் கூலிக்குப் போகும் மாணவருக்கு, முகாமில் இலவச உணவும் தங்குமிடமும் மட்டும் போதாது. வீட்டில் குறையும் வருவாய்க்கும் ஈடு வேண்டும். 1913-இல் பல்கலைக்கழகம் கொடுத்தது அவர் வாங்கிக்கொண்டிருந்த ஊதியத்தைப்போல் இரண்டரை மடங்கு. தாய், பாட்டி, மனைவி அடங்கிய குடும்பம் அதில் நடந்தது. அதனால்தான் அவர் முழு நாளும் எழுத முடிந்தது. இன்றைய கோடைக்கால உதவித்தொகைகளை வகுப்பவர்கள் அந்த 75 ரூபாயின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நிலுவைத் தாள் விதியை மொத்தமாக நீக்க வேண்டாம். பத்து இடங்களில் ஓர் இடத்தையாவது, ஆசிரியரின் பரிந்துரையையும் மாணவர் எழுதிய தாள்களையும் மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். ஹனுமந்த ராவின் குழு செய்தது அதைத்தான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1914 ஜனவரியில் விரிவுரையாற்றச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், ராமானுஜனை இங்கிலாந்துக்கு வர இசையச் செய்தார். பல்கலைக்கழகம் மீண்டும் முன்வந்து, ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் அளித்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் தாய்க்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டு, மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் 1916-இல் ஆய்வின் அடிப்படையில் அவருக்கு இளநிலைப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எண்களைப் பிரித்துக் கூட்டும் வழிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஹார்டியோடு சேர்ந்து அவர் கண்ட சூத்திரம் 1918-இல் வெளிவந்தது. 5 என்ற எண்ணுக்கு மொத்தம் ஏழே வழிகள்; 200-க்கு 39,72,99,90,29,388 வழிகள். ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. இதே பிரிவினைக் கணக்கில்தான் என் மாணவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து அட்டவணை போட்டார். அதே 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. ஆனால் அதற்குள் நோய் முற்றியிருந்தது. போர்க்காலக் குளிரும், சைவ உணவுக்குப் பட்ட பாடும் உடலை உருக்கிவிட்டன.

அந்த நிலையில் 1919 ஜனவரி 11-ஆம் தேதி அவர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நாடு திரும்பிய பின் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்ததற்கு நன்றி தெரிவித்த அவர், அத்தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்று எழுதினார். தம் செலவுகளும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டும் போக, எஞ்சியதை ஏழைச் சிறுவர்கள், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணக் குறைப்புக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உதவித்தொகை இழந்து ஊரைவிட்டு ஓடிய பதினேழு வயது மாணவரின் நினைவு அதை எழுதியவருக்கு இருந்திருக்க வேண்டும். கடிதம் எழுதியவர் படுக்கையில் இருந்த நோயாளி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1919 மார்ச் இறுதியில் பம்பாயில் வந்திறங்கினார். அதன்பின் ஓராண்டே வாழ்ந்தார். படுத்தபடியே எழுதினார்; போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். கடைசி ஆண்டின் தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், மறக்கப்பட்டு, 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுக்கும் வரை பெட்டிக்குள் கிடந்தன.

ஜானகி அம்மாள் கணவரை இழந்தபோது அவருக்கு 21 வயது. தையல் கற்றுக்கொண்டு, துணி தைத்தும் பிறருக்குத் தையல் கற்றுத் தந்தும் வாழ்ந்தார். ஒரு சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கினார். நெடுங்காலம் அவர் குடியிருந்ததும் திருவல்லிக்கேணியில்தான். 1994 ஏப்ரல் வரை உயிரோடிருந்த அவரிடம், கணவரின் குறிப்பேடுகளில் என்ன இருந்தது என்று கேட்டு வந்தவர்கள் பலர். அவருக்குத் தெரிந்திருந்தது வேறு: எந்த நேரத்தில் அவரை எழுப்ப வேண்டும் என்பது.